ஊமை மொடெம் பேசிய கதை

சென்ற கிழமை எமது வகுப்பு மாணவன் ஒருவன், தன் வீட்டு அலுமாரியின் மேல் பல்லாண்டுகளாகத் தூசி படிந்து கிடந்த மடிக்கணினி ஒன்றைத் தூக்கிக்கொண்டு எம்மிடம் வந்தான். அதன் பக்கத்தில் இரண்டு சதுரத் துவாரங்கள் இருந்தன. ஒன்று சற்றுப் பெரிது, மற்றது சிறிது. "சேர், பெரிய துவாரத்தில் வலையமைப்பு வயர் பொருந்துகிறது. இந்தச் சின்னத் துவாரம் எதற்கு?" என்று கேட்டான்.

தொலைபேசிக் கம்பியைக் கணினியிற் செருகி உலகோடு பேசிய காலம் ஒன்று இருந்தது என்பதை அவன் அறியான். அஃது அவன் குற்றமன்று. அமெரிக்காவிலே அவ்வகை இணைப்பைக் கோடிக்கணக்கான வீடுகளுக்குப் பழக்கிய ஏ.ஓ.எல். நிறுவனமே 2025 செப்டெம்பர் 30 இல் அச்சேவையை நிறுத்திவிட்டது. ஒரு தலைமுறையின் வாசல், அடுத்த தலைமுறைக்கு வெறும் துவாரமாகிவிட்டது.

"அது மொடெம்" என்றோம். அச்சொல்லைச் சொன்னவுடன் எமது நினைவு 2005 ஆம் ஆண்டுக்குச் சென்றது. அன்று நடந்ததை மாணவர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் இக்கிழமை சொல்ல விரும்புகின்றோம். அது பழங்கதையே, ஆயினும் அதில் இன்றைக்கும் உதவும் பாடம் ஒன்றுண்டு.

முதலில் மொடெம் என்பது யாது எனப் பார்ப்போம். தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்கென அமைந்தது. ஏறத்தாழ 300 ஹேர்ட்ஸ் முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளையே அது செவ்வனே சுமக்கும். கணினியோ சுழியம், ஒன்று என்னும் இரண்டு குறிகளையன்றி வேறொன்றும் அறியாதது. ஆகவே அக்குறிகளை ஒலியாக மாற்றி அனுப்பவும், எதிர்முனையிலிருந்து வரும் ஒலியை மீண்டும் குறியாக மாற்றவும் ஒரு துபாஷி வேண்டும். அத்துபாஷியே மொடெம். 1962 இல் ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம் வெளியிட்ட பெல் 103 என்னும் மொடெம் விநாடிக்கு 300 பிட் அனுப்பியது. 1998 இல் வகுக்கப்பட்ட வி.90 என்னும் நியமம் அவ்வேகத்தை விநாடிக்கு 56,000 பிட் வரை உயர்த்தியது. அந்த உச்ச வேகத்திலும், ஒரு மெகாபைட் அளவுள்ள புகைப்படம் வந்துசேர ஏறத்தாழ இரண்டரை நிமிடம் செல்லும். இன்றைய மாணவர் இதைக் கேட்டால் நகைப்பர். அன்று நாம் வியந்தோம்.

தொடக்ககால மொடெம்கள் தம் வேலையைத் தாமே செய்தன. அவற்றுள் தனி மூளையொன்று இருந்தது. 1981 இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட் மொடெம் வந்ததன் பின், அவற்றோடு பேசும் கட்டளைகளும் பொதுவழக்காயின. 'கவனி' என்னும் பொருள்பட்ட ஆங்கிலச் சொல்லின் முதலிரண்டு எழுத்துகளாகிய 'ஏ.ரி.' என்று தொடங்கி, டயல் செய், துண்டி என்று எழுதி அனுப்பினால் போதும். எந்தப் பணிசெயல் முறைமையைக் கொண்ட கணினியாயினும் அம்மொடெம் கீழ்ப்படியும்.

ஆனால் 1990 களின் பிற்பகுதியில் உற்பத்தியாளர்கள் செலவைக் குறைக்க ஒரு வழி கண்டனர். மொடெமின் மூளையை அகற்றிவிட்டு, ஒலியைக் குறியாகவும் குறியை ஒலியாகவும் மாற்றும் வேலை முழுவதையும் கணினியின் மத்திய முறைவழி அலகின் தலையில் ஒரு செய்நிரல் மூலம் சுமத்தினர். பாடசாலையிற் சிற்றூழியரை நிறுத்திவிட்டு, அதிபரே மணியும் அடிக்கட்டும் என்று விட்டதைப் போன்றது இது. மடிக்கணினியில் இடமும் பாரமும் குறையவேண்டியிருந்தமையால் அங்கே இம்முறை வெகுவாகப் பரவிற்று. சிக்கனம் குற்றமன்று. ஆனால், மணி எவ்வாறு அடிப்பது என்ற விதியை விண்டோஸ் என்னும் ஒரே அதிபருக்கு மட்டும் சொல்லிவிட்டு, ஏனையோருக்கு மறைத்தனர். இதனாலேயே அவற்றுக்கு 'வின்மொடெம்' என்ற பெயர் வழங்கலாயிற்று. லினக்ஸ் போன்ற வேறொரு முறைமையை ஏற்றினால், மொடெம் உயிரற்ற துவாரமாக நின்றுவிடும்.

இனி எமது கதைக்கு வருவோம்.

2005 இல் நாம் ஆசிரியப் பணியிற் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. எமது அண்ணன் வெளிநாடு சென்று இரண்டாண்டுகள் கடந்திருந்தன. அப்பா நோயுற்றிருந்தார். அவரது உண்மை நிலையை அண்ணனுக்கு அறிவிக்க அம்மா விரும்பினார். ஆனால் வழிதான் இல்லை. தொலைபேசி முன்கூடத்தில், அப்பாவின் சாய்வு நாற்காலிக்கு அருகிலேயே இருந்தது. அவர் கேட்கப் பேச முடியாது. தபால் போய்ச் சேர இரண்டு மூன்று கிழமை செல்லும். சந்தியிலிருந்த இணையக் கடைக்குச் சென்றால் முதுகுக்குப் பின்னால் நான்கு பேர் நிற்பர். அம்மா அங்கே ஒருமுறை வந்து, "எல்லோரும் சுகம் என்று போடு, தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

அக்காலத்திலேதான் கனடாவில் வாழும் எமது மாமா, தாம் பாவித்த மடிக்கணினி ஒன்றை ஊருக்கு வந்த ஒருவர் கையிற் கொடுத்தனுப்பினார். அதிலிருந்த விண்டோஸ் பழுதடைந்திருந்தது. கடைக்காரர், "ஆயிரம் ரூபா தாரும், தம்பி. எல்லாம் புதிதாக ஏற்றித் தருகிறேன்" என்றார். ஏற்றப்போவது களவுப் பிரதி என்பதை அவர் மறைக்கவும் இல்லை. அதை எவரும் பெரிதாக எண்ணுவதும் இல்லை.

ஆனால் அதற்கு முந்திய நாள், அயலவன் கொப்பியைப் பார்த்து எழுதிய ஒரு மாணவனை நாம் வகுப்பிலே எழுப்பி நிறுத்திக் கண்டித்திருந்தோம். "பிறர் உழைப்பை உன்னுடையது போலக் காட்டாதே" என்று கூறிய வாய் அது. கணினிச் செய்நிரல்களுக்கும் பாதுகாப்பளிக்கும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டில் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. சட்டத்துக்கு அஞ்சினோமா, அம்மாணவனின் முகத்துக்கு அஞ்சினோமா என்று கேட்டால், பின்னதே உண்மை. கணினியை மீண்டும் பையில் வைத்துக்கொண்டு திரும்பினோம்.

களவின்றிப் பெறத்தக்கது லினக்ஸ். பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் ரோவால்ட்ஸ் 1991 இல் அதனை எழுதத் தொடங்கினார். அதற்கு முன்னரே, 1983 இல், அமெரிக்கரான றிச்சட் ஸ்ரோல்மன், எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய ஒரு முழு முறைமையை ஆக்கும் முயற்சியை அறிவித்திருந்தார். அவரை அவ்வழியில் தூண்டிய காரணங்களுள் ஒன்று ஓர் அச்சுப்பொறி. எம்.ஐ.ரி. ஆய்வுகூடத்தில் கடதாசி சிக்கிக்கொண்டால் உரியவருக்கு அறிவிக்கும் வண்ணம் பழைய அச்சுப்பொறியின் செய்நிரலை அவர் திருத்தியிருந்தார். புதிய பொறி வந்தபோது அதன் மூலச் செய்நிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. கையிலே பொறி இருந்தும் அதைத் திருத்தும் உரிமை இல்லை. எமது மொடெமின் நிலையும் அதுவே அன்றோ!

அந்நாளில் உபுண்டு என்னும் லினக்ஸ் வகையின் இறுவட்டுகளைக் கேட்போருக்கெல்லாம் உலகெங்கும் தபாலில் இலவசமாக அனுப்பிவந்தனர். 2011 வரை அவ்வழக்கம் நீடித்தது. நண்பரொருவரிடம் அத்தகைய இறுவட்டு இருந்தது. ஒரு மாலைப்பொழுதில் அதனை ஏற்றினோம். திரை வந்தது, ஒலி வந்தது, விசைப்பலகை வேலை செய்தது. மொடெம் மட்டும் வாய் திறக்கவில்லை.

அன்றிரவு அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து முதற்பக்கத்தில் ஒரு விதி எழுதினோம்: 'ஒருமுறை ஒன்றையே மாற்று, மாற்றியதை எழுது.' இவ்விதி எம்மைக் காத்தது.

முதலாவதாக, கணினியின் மூடியிற் பொறித்திருந்த பெயரை மறந்துவிட்டு, உள்ளே இருக்கும் சில்லு எது என்று தேடினோம். ஒரே பெயருடைய இரண்டு மடிக்கணினிகளுள் இருவேறு மொடெம்கள் இருக்கலாம். கணினியில் இணைந்துள்ள சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளையொன்று லினக்ஸில் உண்டு. அதன் விடையில், எமது மொடெம் ஒலிச் சில்லின் உடன்பிறப்பாக, ஏ.சி.97 என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்ததாகக் காணப்பட்டது.

இரண்டாவதாக, டயல் செய்யும் செய்நிரலைக் கொண்டு வழக்கமான தொடர்வாயில்களையெல்லாம் தட்டிப் பார்த்தோம். எதிலும் பதில் இல்லை. பழுது என்று முதலில் நினைத்தோம்; பின்னரே காரணம் விளங்கிற்று. தனி மூளையுள்ள மொடெமே அவ்வாயில்களில் நின்று பதில் சொல்லும். எமது மொடெமுக்கு மூளையே இல்லை, பதிலிறுப்பது யார்?

மூன்றாவதாக, லினக்ஸின் ஒலித் தொகுதியாகிய அல்சாவில் இவ்வகை மொடெமுக்கென ஒரு செலுத்தி இருப்பதை அறிந்து அதனை இயக்கினோம். இப்பொழுது கேட்கக் காதும் பேச வாயும் கிடைத்தன. மொழியறிந்த மூளைதான் வேண்டியிருந்தது. அவ்வேலையைச் செய்வது எஸ்.எல்.மொடெம் என்னும் செய்நிரல். அதைப் பெறவோ இணையம் வேண்டும்! ஆற்றைக் கடக்க ஓடம் தேவை. ஓடமோ அக்கரையிற் கட்டிக் கிடந்தது. சந்திக் கடைக்கு நடந்து, பென் டிரைவில் ஏற்றி வந்தோம். வீட்டுக்கு வந்து பார்த்தால், அதற்குத் துணையான இன்னொரு கோப்பும் வேண்டும் என்றது. மறுநாளும் நடந்தோம்.

நான்காவதாக, செய்நிரலை இயக்கி எண்ணைக் கொடுத்தோம். திரையில் ஒரு வரி வந்தது: 'டயல் ஒலி இல்லை.' மூன்று மாலைப்பொழுதுகள் அந்த ஒரு வரி எம்மை அலைக்கழித்தது. அதே கம்பியில் தொலைபேசியைச் செருகினால் ஒலி கணீரென்று கேட்டது! காரணத்தைக் கண்டபோது நாமே நகைத்தோம். டயல் ஒலி எல்லா நாட்டிலும் ஒன்றன்று. அமெரிக்காவில் அது 350 ஹேர்ட்ஸும் 440 ஹேர்ட்ஸும் கலந்த ஒலி. வேறு நாடுகளில் வேறு. செய்நிரல் தனக்குப் பழக்கமான ஒலியை எதிர்பார்த்துக் காத்திருந்தது. எமது ஊர்த் தொலைபேசி நிலையத்தின் ஒலியை அது ஒலியென்றே மதிக்கவில்லை. டயல் ஒலிக்குக் காத்திராதே என்பதற்கு 'ஏ.ரி.எக்ஸ்.3' என்றொரு கட்டளை உண்டு. அதனைச் சேர்த்தோம்.

மொடெம் டயல் செய்தது. எதிர்முனை எடுத்தது. இரண்டு பொறிகள் ஒன்றையொன்று விளித்துக் கீச்சிட்டு, இரைந்து, பின் அமைதியாயின. 'இணைந்தது' என்ற சொல் திரையில் வந்தது. அப்பா நாற்காலியிலிருந்து, "என்ன தம்பி, பூனையை மிதித்துவிட்டாயா?" என்றார்.

அன்றிரவு உணவுக்குப் பின் அம்மா அடுக்களையில் இருந்தார். மடிக்கணினியை அங்கே தூக்கிச் சென்று பலகை மீது வைத்தோம். கம்பி வேண்டியதில்லை; எழுதி முடித்தபின் கூடத்திற்குக் கொண்டுவந்து செருகினாற் போதும். அம்மா தாழ்ந்த குரலிற் சொல்லச் சொல்ல நாம் எழுதினோம். கிணற்றடித் தென்னை காய்க்கத் தொடங்கியதைச் சொன்னார். பின்னர் அப்பாவின் மூச்சிரைப்பை, வைத்தியர் சொன்னதை, இரவில் அவர் அண்ணனின் பெயரைச் சொல்வதைச் சொன்னார். சந்திக் கடையில் நான்கு வார்த்தையில் எழுந்துவிட்டவர், அன்று ஒரு மணி நேரம் பேசினார். அனுப்பிவைக்க நான்கு நிமிடமே சென்றது.

மறுநாள் மாலை பதில் வந்திருந்தது. எம்மிடம் அச்சுப்பொறி இல்லாமையால் அதனைத் தாளில் கையால் எழுதிக் கொடுத்தோம். அம்மா அதை நெடுங்காலம் வைத்திருந்தார். நான்கு மாதத்தில் அண்ணன் விடுப்பெடுத்து வந்து சேர்ந்தார். அப்பா அவரைக் கண்டார். அந்தச் சிறிய துவாரத்தைப் பற்றி எம்மால் அலட்சியமாகப் பேச முடியாமைக்குக் காரணம் இதுதான்.

ஆயினும் இக்கதையை வெற்றியென்று மட்டும் முடித்தல் நேர்மையாகாது. நாம் பயன்படுத்திய எஸ்.எல்.மொடெம் முழுவதும் திறந்ததன்று. அதன் வெளிப்பகுதிகளை எவரும் படிக்கலாம். ஆனால் குறியை ஒலியாக்கும் உட்பகுதியோ பூட்டப்பட்ட பெட்டியாகவே வழங்கப்பட்டது. அது 32 பிட் கணினிகளுக்கென ஆக்கப்பட்டது. பின்னர் 64 பிட் கணினிகள் பெருகியபோது, மூலச் செய்நிரல் கையில் இல்லாமையால் அப்பெட்டியைப் புதிய இயந்திரத்துக்கேற்ப மீள ஆக்கவும் வழியில்லை. பழைய உருவிலேயே சுமந்து செல்லவேண்டியதாயிற்று.

இதற்கு மாறான எடுத்துக்காட்டுகளும் உண்டு. ஐ.பி.எம். நிறுவனம் தன் திங்பாட் 600 வகை மடிக்கணினிகளில் இருந்த எம்வேவ் என்னும் சில்லுக்கு லினக்ஸ் செலுத்தியைத் தானே முன்வந்து வெளியிட்டது. 1999 ஆம் ஆண்டளவில் பிரான்ஸ் நாட்டவரான பப்ரிஸ் பெல்லார், மென்பொருளாலேயே இயங்கும் மொடெமொன்றைத் திறந்த முறையில் எழுத முனைந்தார். பின்னாளில் எவ்.எவ்.எம்பெக் என்னும் ஒளி, ஒலிச் செய்நிரலைத் தொடக்கிவைத்தவரும் அவரே. கூலி எதிர்பாராது பிறர் துவாரத்துக்கு வாய் கொடுக்க முயன்ற இத்தகையோர் பலர்.

எமது ஊரில் முன்னொரு பரியாரியார் இருந்தார். எலும்பு முறிவுக்கு அவர் கட்டும் எண்ணெய்க் கட்டுக்கு ஈடில்லை என்பர். முறையை மகனுக்கும் சொல்லவில்லை. அவர் போனார், எண்ணெயும் போயிற்று. வெறும் போத்தல்கள் எஞ்சின. மறைத்து வைத்த அறிவுக்கு, மறைத்தவரின் ஆயுளே ஆயுள்.

மாணவர்களே, தொலைபேசி மொடெம் இனி உங்களுக்குத் தேவைப்படாது. ஆனால் அச்சுப்பொறி வாங்குவீர்கள், வலையமைப்பு அட்டை வாங்குவீர்கள், கைத்தொலைபேசி வாங்குவீர்கள். விலையைக் கேட்கும்போது இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: இதை ஆக்கியவர் நாளை கைவிட்டால், இதனை இயக்க வேறெவருக்கேனும் வழி சொல்லப்பட்டிருக்கின்றதா? பெற்றோரே, பிள்ளை ஒரு பொறியைக் கழற்றிப் பார்த்தால் உடனே அதட்டாதீர்கள். ஓர் அப்பியாசக் கொப்பியைக் கையிற் கொடுத்து, செய்ததை எழுதச் சொல்லுங்கள்.

கதையைக் கேட்டிருந்த மாணவன், "இந்த மொடெம் இப்பொழுதும் வேலை செய்யுமா, சேர்?" என்று கேட்டான். பழைய கணினிகளுக்கென ஆக்கப்பட்ட லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி அக்கணினியைத் தொடக்கினோம். சாதனப் பட்டியலை வரவழைத்து, வரிவரியாக அவனையே வாசிக்கச் சொன்னோம். அதுவும் ஏ.சி.97 குடும்பத்ததே. அல்சாவின் திறந்த செலுத்தி, அழைக்க எவருமில்லாத இக்காலத்திலும், அம்மொடெமை இன்னதென்று அடையாளம் கண்டு தன் பட்டியலிற் காட்டியது.

அவன் சிறிது நேரம் அந்த வரியைப் பார்த்திருந்தான். பின்பு பையிலிருந்து கொப்பியை எடுத்து, அதனைத் தன் கையால் எழுதிக்கொண்டான். இம்முறை அவன் எவரையும் பார்த்தெழுதவில்லை.